மூடியுள் அடங்கும் மூச்சுக்குழல்

காஞ்சி மாநகர்க்கு மேற்கே, வேலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரம் என்னும் ஊர் உளது. அவ்விடத்துச் சாலையினின்றும் பிரிந்து சிறிது தொலைவு உள்ளே சென்றால் திருப்புட்குழியை அடையலாம். புள்ளரசனாகிய சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடமாதலின் இப்பெயர் பெற்றதென்பர் வைணவப் பெரியோர். விசயராகவப் பெருமாள் கோயில் கொண்டுள்ள இப்பதி நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் பாடங் கேட்டதும் இவ்வூரிலேயே என்பது வழிவழியாக வருஞ் செய்தி. இத்தகைய ஊரின் பெயரை எடுத்துவிட்டு, மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசப் புகுவது தமிழ் மாணாக்கராகிய எமக்குப் பொருந்துமோ எனச் சிலர் நகைக்கலாம். நகைப்பினும் நகைக்க. சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், அப்பிரிவுச் சாலையருகே எம் சிற்றப்பா நடத்திவரும் டிங்கரிங் பட்டறையில் யாம் பத்து நாள் தங்கியிருந்தோம். அங்குக் கண்டும், கேட்டும், எம் கையால் அளந்தும் அறிந்ததையே ஈண்டு எழுதுகின்றோம்.

யாம் சென்ற மறுநாள் சென்னையினின்றும் ஒரு வண்டி வந்து சேர்ந்தது. அது 1966-ஆம் ஆண்டில் போர்டு கம்பெனியார் அமெரிக்காவிற் செய்த மஸ்டாங். இத்தகைய வண்டிகளை அந்நாட்டார் 'மஸில் கார்' என்பர். புயவலி ஊர்தி என யாம் மொழிபெயர்த்துக் கொள்ளலாம். (வகை நுணுக்கம் அறிந்தோர் மஸ்டாங்கைக் குட்டிக்குதிரை வகையில் வைப்பர், அவ்வழக்கு எமக்கு வேண்டுவதன்று.) அதனுள் இருப்பது 289 கன அங்குலக் கொள்ளளவுடைய எட்டுச் சிலிண்டர் எஞ்சின். வண்டிக்குரியவர் அயல்நாட்டினின்றும் வருவித்த அலுமினிய மேனிபோல்டு ஒன்றை அதன் மேல் ஏற்றி, நான்கு வாயுடைய கார்புரேட்டரையும் பூட்டியிருந்தார். எல்லாம் அழகாகவே இருந்தன; ஆயின் பானெட்டு மூடவில்லை. பானெட்டின் கீல் கண்ணாடிப் பக்கத்தில் இருத்தலின், நடுவில் அரை அங்குலம் முட்டினாலும் முன் விளிம்பு இரு விரல் அகலம் தூக்கி நிற்கும். அவ்வண்ணமே நின்றது. கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு சென்னையினின்றும் ஓட்டி வந்திருந்தார்.

“பானெட்டில் ஒரு துளை வெட்டி, மேலே ஒரு கூடு வைத்துவிடுங்கள், மேஸ்திரி, அமெரிக்காவில் எல்லாம் அப்படித்தான்” என்றார் அவர். “தகரத்தை என்றைக்கும் வெட்டலாம், ஐயா. வெட்டியதை ஒட்டினால் அது ஒட்டுத்தான். எனக்குப் பத்து நாள் கொடுங்கள்” என்றார் சிற்றப்பா. பல ஆண்டுகட்கு முன் வேறொருவர் வண்டியில் அவ்வாறு வெட்டி, ஐப்பசி மழையில் நீர் நேரே கார்புரேட்டரின் வாயில் இறங்கி, எஞ்சின் பாழான வருத்தம் அவர் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. அதற்குப் பழி தம் மேலதே என்பார்.

இனி, மேனிபோல்டு என்பது யாதெனக் கூறுவாம். எஞ்சினுக்கு உணவு பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை. அக்கலவையை ஆக்குவது கார்புரேட்டர், எரிப்பது சிலிண்டர். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, ஒரு வாயிற் பெற்றதை எட்டு வாயிற்குப் பகிர்ந்தளிக்குங் கிளைக்குழாயே மேனிபோல்டு. அவ்வாங்கிலச் சொல்லின் பொருள் பன்மடி என்பதாம். காற்று உட்புகும் வழியாதலின் மூச்சுக்குழல் என யாம் பெயரிட்டோம். பட்டறையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டபொழுது ஒருவரும் திருகுக் கட்டையைக்கூட எடுத்துத் தரவில்லை என்பதையும் மறைக்காது கூறுகின்றோம். அமெரிக்கர் 'ஹூட்' என்பதை ஆங்கிலேயர் 'பானெட்' என்பர். நம் நாட்டுப் பட்டறைகள் ஆங்கிலேயர் வழக்கையே கொண்டன.

இம்மூச்சுக்குழலின் உயரம் ஒரு வழக்காவது ஏன்? நம்மவர் நன்கறிந்த அம்பாசிடர் வண்டியில் இவ்வழக்கு எழுவதில்லை. அதன் பழைய எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிமிர்ந்து நிற்கும். மேனிபோல்டும் கார்புரேட்டரும் எஞ்சினின் விலாப்புறத்தே தொங்கும். ஆதலின் அவை பானெட்டை நோக்கி வளர்வதில்லை. எட்டுச் சிலிண்டர் எஞ்சினோ இரு பிரிவாய், விரித்த புத்தகம் போல், தொண்ணூறு பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்பது. அப்பிரிவுகளின் நடுவேயுள்ள பள்ளத்தில் மேனிபோல்டு அமரும். அதன் மேல் கார்புரேட்டர். அதன் மேல் காற்று வடிகட்டி. அதற்கும் மேலே பானெட்டு. நான்கு அடுக்கு மாளிகையில் கீழ்த்தளம் ஓரங்குலம் உயர்ந்தால் மேல்தளங்கள் யாவும் உயர்தல் போல, மேனிபோல்டு உயர்ந்த அளவு முழுவதும் மேலேறி மூடியில் முட்டும்.

அங்ஙனமாயின் தாழ்ந்த மேனிபோல்டையே எல்லாரும் கொள்ளலாமே எனின், காற்றின் இயல்பு அதற்கு முற்றும் இடங்கொடாது. காற்று எடையுள்ள பொருள். ஓடத் தொடங்கினால் நேரே ஓட விரும்பும். வளைவிற் சுருங்கித் தடுமாறும். கார்புரேட்டரை உயர்த்தி வைத்தால், கிளைக்குழாய்கள் மேலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து, சிலிண்டரின் வாயிற்கு நேராகச் சென்று சேரலாம். இவ்வாறு எட்டுக் கிளையும் ஒரே பொது அறையினின்றும் நேரே பிரிவதை ஒருதள மேனிபோல்டு என்பர். அது பெரும்பாலும் உயரமாகவே இருக்கும். உயரங் குறைந்த ஒருதளமும் செய்ததுண்டு. அதில் இருவகையின் குறையும் சேர்ந்திருத்தலின் யாம் அதை விடுக்கின்றோம்.

மற்றொன்று இருதள மேனிபோல்டு. இது சிறிது விளக்கிக் கூறத்தக்கது. மஸ்டாங்கின் 289 எஞ்சினில் சிலிண்டர்கள் தீப்பற்றும் ஒழுங்கு 1, 5, 4, 2, 6, 3, 7, 8 என்பது. இவ்வொழுங்கில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 1, 4, 6, 7 ஒரு கூட்டமும், 5, 2, 3, 8 மற்றொரு கூட்டமும் ஆம். ஒவ்வொரு கூட்டத்திற்கும் கார்புரேட்டரின் ஒரு பாதியை உரிமையாக்கி, ஒன்றன் குழாய்களை மேல்தளத்திலும் மற்றொன்றன் குழாய்களைக் கீழ்த்தளத்திலும் செலுத்தினால், ஒரு பாதியில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சி ஒன்றன் மூச்சை ஒன்று பறித்துக் கொள்ளமாட்டா. குழாய்களும் நீண்டு ஒடுங்கியிருத்தலின், எஞ்சின் மெல்லச் சுழலும்போதும் காற்று விரைந்தோடும். விரைந்தோடுங் காற்றே பெட்ரோல் துளிகளைக் கீழே விழவிடாது ஏந்திச் செல்லும். அகன்ற ஒருதளக் குழாயில், மெல்லச் சுழலும்பொழுது காற்று சோம்பி நிற்கும்; துளிகள் சுவரில் ஒட்டும்; மிதியை அழுத்தினால் எஞ்சின் ஒரு கணம் திணறிப் பின்னரே எழும்.

ஆகவே இருதள மேனிபோல்டு, நின்ற நிலைச் சுழற்சி தொடங்கி நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,500 சுழற்சி வரையிலும் நன்கு உழைக்கும். உயர்ந்த ஒருதளமோ 3,500 சுழற்சிக்கு மேல்தான் தன் திறத்தைக் காட்டத் தொடங்கும். பாலுசெட்டி சத்திரத்தினின்றும் காஞ்சிக்குச் செல்லும் வழியில், மாட்டுக்கும் பேருந்துக்கும் ஒதுங்கிச் செல்லும் ஒருவர், 3,500 சுழற்சியை நாளில் எத்தனை முறை காண்பார்? ஓட்டப் பந்தயத்திற்கன்றி உயர்ந்த குழலை வாங்குவது, மணவாளப் பிள்ளைக்கு மல்யுத்தக் கச்சை வாங்குதல் போலும்.

ஈண்டு ஒரு கணக்கும் உண்டு. யாம் கணக்கில் வல்லோமல்லோம். ஆயினும் இஃது எளிதே. நான்கடி எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை தன் கொள்ளளவு முழுவதையும் உறிஞ்சும். நிமிடத்திற்கு 6,000 சுழற்சியெனின் 3,000 முறை. 289-ஐ 3,000-ஆற் பெருக்கி, ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலமாதலின் அவ்வெண்ணால் வகுத்தால், நிமிடத்திற்கு 502 கன அடி வரும். எந்த எஞ்சினும் முழுவதும் நிரம்புவதில்லை. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நிரம்பிற்றெனக் கொண்டால் 426 கன அடி. எனவே 600 கன அடி விடவல்ல கார்புரேட்டர் இவ்வெஞ்சினுக்குப் போதியது மட்டுமன்று, மிகையும் ஆகும். இதனினும் பெரியதை வைப்பதற்காகப் பெரிய மேனிபோல்டும், பெரிய மேனிபோல்டிற்காகப் பானெட்டில் துளையும் என வளர்ந்து செல்வதைச் சிற்றப்பா, “பூனைக்காகப் பசு வாங்கிய சந்நியாசி கதை” என்பார்.

இனி, 'அமெரிக்காவில் எல்லாம் அப்படித்தான்' என்று அவர் கூறியது மெய்யோ எனப் பார்ப்போம். பாதி மெய். அந்நாட்டுக் கம்பெனியார் இவ்விடர்ப்பாட்டைப் பல வழியால் கடந்தனர். 1960-இல் கிறைஸ்லர் கம்பெனியார் தம் 300-எப் என்னும் வண்டியில், கார்புரேட்டர்களை எஞ்சினின் மேல் வைக்காது, முப்பது அங்குல நீளமுள்ள குழாய்களை ஒன்றையொன்று குறுக்கிட்டு நீட்டி, இரு பக்கத்தும் சக்கர மூடிகளின் அருகே கொண்டுபோய் வைத்தனர். மேலே இடமின்மையாற் பக்கத்தே படர்ந்த கொடி போன்றது இது. அந்நீண்ட குழாய்களில் ஓடுங் காற்று தன் வேகத்தாலேயே சிலிண்டருள் நெருக்கிப் புகுதலின், 413 கன அங்குல எஞ்சின் 2,800 சுழற்சியிலேயே தன் முறுக்காற்றலின் உச்சத்தை எட்டியது. உயரம் ஒன்றே வழியன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் அறியோம். 1964-இல் பான்டியாக் கம்பெனியார் ஜி.டி.ஓ. வண்டியில் ஒரு பெரிய கார்புரேட்டருக்கு மாற்றாக மூன்று சிறியவற்றை வரிசையாக வைத்து, 325 குதிரைச் சக்தியை 348 ஆக்கினர்.

பானெட்டையே மாற்றியவர்களும் உளர். 1969-இல் மஸ்டாங்கின் மாக்-1 என்னும் வகையில், காற்றுக்கூடு எஞ்சினோடு பிணைக்கப்பட்டுப் பானெட்டின் துளை வழியே தலை நீட்டியது. எஞ்சின் குலுங்குந்தோறும் அதுவும் குலுங்கியதால் 'ஷேக்கர்' எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே செவ்ரோலே கம்பெனியாரின் கமேரோவில், கூட்டின் வாய் முன்னோக்கியன்றிப் பின்னோக்கி, கண்ணாடியின் அடியைப் பார்த்து அமைந்தது. ஓடும் வண்டியில் காற்று கண்ணாடியின் அடியில் மோதித் தேங்கி அழுத்தம் மிகுதலின், அவ்விடத்தினின்றும் மூச்சு வாங்குதல் நலம். பிளிமத் கம்பெனியார் அதே ஆண்டின் நடுவில், ரோடு ரன்னர் வண்டியின் ஒரு வகையில், மூன்று கார்புரேட்டர்களுக்கு இடங்காணக் கீலேயில்லாத இழைக்கண்ணாடிப் பானெட்டை வைத்து, நான்கு ஊசிகளாற் பொருத்தினர். மூடியைத் திறக்க விரும்புவோர் அதனை முழுதும் தூக்கி நிலத்தில் வைக்கவேண்டும். ரோடு ரன்னர் என்பதும் ஒரு புள்ளின் பெயரே. பயர்பேர்டு என்னும் மற்றொரு வண்டியின் பானெட்டில் 1973 முதல் சிறகு விரித்த பெரும்புள் ஒன்றைத் தீட்டினர். புள்ளின் பெயரால் அமைந்த ஊரின் அருகே இருந்து இதனைக் கேட்டபொழுது எமக்கு ஒரு மகிழ்ச்சி தோன்றியது. அதற்குமேல் அதில் பொருள் இல்லை.

இவற்றிலெல்லாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர்கள் துளையிட்டது வரைபடத்தில், பின்னரே தகரத்தில். துளையைச் சூழ விறைப்புக் கம்பியும், மழைநீர் வடியும் வழியும், இறுக்கும் ரப்பர் வளையமும் முன்னரே அமைத்தனர். முடிந்த பானெட்டில் உளி வைப்பது வேறு. பானெட்டின் உட்புறம் செல்லும் விலா எலும்பு போன்ற சட்டங்களே அதனை நேரே நிறுத்துவன. நடுவில் வெட்டுவோன் பெரும்பாலும் அவற்றையே அறுக்கின்றான்.

நம் நாட்டிலும் உடலுக்கும் எஞ்சினுக்கும் பொருத்தங் காணும் வேலை நிகழ்ந்ததுண்டு. 1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் வெளியிட்ட கான்டெஸா வண்டியை இன்றும் அன்பர் பலர் இந்தியாவின் மஸில் கார் எனக் கொண்டாடுவர். நீண்டகன்ற பானெட்டைக் கண்டால் அப்பெயர் தகும். திறந்து பார்த்தால், தொடக்கத்தில் உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினே. குதிரைச் சக்தி ஐம்பது. அரண்மனையில் ஒற்றை விளக்கு. பின்னரே இசுசு கம்பெனியாரின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்து மானங் காத்தது. 2002-இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது. நம் பக்கத்து வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1985 முதல் 1988 வரை செய்த ஸ்டாண்டர்டு 2000 இதனினும் வியப்பு. அதன் உடல், எட்டுச் சிலிண்டர் எஞ்சினோடு 1976-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரோவர் வண்டியின் உடல். உள்ளே வைத்ததோ 1947-இல் அறிமுகமான வான்கார்டு வண்டியின் மரபில் வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். அவ்வெஞ்சினின் உறவு பெர்குசன் உழவு எந்திரத்திலும் ஓடியது. புதிய இரசத்தைப் பழந்துருத்தியில் வார்ப்பது பற்றித் திருமறை உவமை ஒன்றை நாம் யாவரும் அறிவோம். இஃது அதன் மறுதலையாய்ப் புதுத்துருத்தியிற் பழைய இரசம். வாங்குவோர் நாடாமையின் அது நெடுநாள் நிற்கவில்லை.

சட்டமும் ஈண்டுக் கருதற்பாலது. உற்பத்தியாளர் குறித்த மூல அமைப்பினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாதென 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டித் தீர்ப்பளித்தது. 2021-இல் மைய அரசு தொன்மை வண்டிகளுக்கெனத் தனிப் பதிவுவிதி வகுத்து, ஐம்பது ஆண்டு கடந்தவற்றிற்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் தாங்கிய எண் வழங்கலாயிற்று. அதனைப் பெறுதற்கு வண்டி தன் பழைய வடிவிலேயே பேணப்பட்டிருத்தல் வேண்டும்; சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது. வண்டிக்குரியவர் அவ்வெண்ணை நாடியே பழுது பார்க்கத் தொடங்கியவர். மேனிபோல்டைத் திருகாணி கழற்றி ஒரு மாலையிற் பழையபடி மாற்றிவிடலாம்; பழையதைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தால் போதும். வெட்டுண்ட பானெட்டை மாற்ற வேண்டின், அறுபது ஆண்டுத் தகரத்திற்கு எங்கே போவது? அதிகாரி கேட்கும்பொழுது எதைக் காட்டுவது? இதனைச் சிற்றப்பா எடுத்துக் கூறியபின்னரே அவர் முகம் மாறியது.

அளக்கத் தொடங்கினோம். அமெரிக்கர் இதற்குக் குழந்தைகள் விளையாடும் மெழுகுமண் கொள்வர். எமக்கு ஏரிக்கரைக் களிமண் போதுமானதாயிற்று. எலுமிச்சங்காய் அளவு உருண்டைகளாகப் பிசைந்து, காற்று வடிகட்டியின் மூடி மேல் நடுவில் ஒன்றும், விளிம்பைச் சுற்றி நான்கும் வைத்து, ஒட்டாதிருக்க எண்ணெய் தடவிய காகிதத்தை மேலே பரப்பி, பானெட்டை மெல்ல இறக்கித் தாழ்ப்பாள் விழும்வரை மூடித் திறந்தால், நசுங்கிய மண்ணின் பருமனே இடைவெளி. ஈர்க்கொன்றைக் குத்தி, நகத்தால் குறித்து, அடிக்கோலில் வைத்துப் பார்த்தோம். பழைய இரும்பு மேனிபோல்டையே திரும்பப் பூட்டி முதலில் அளக்கவேண்டும் என்றார் சிற்றப்பா. மெய்யான அடிநிலை அதுவே. நடுவில் இரண்டரை அங்குலம் வந்தது. மகிழ்ந்து குறித்துக்கொண்டோம்.

அக்குறிப்பு பிழையென்பது மறுநாள் தெரிந்தது. எஞ்சின் வண்டியில் நேரே அமர்வதில்லை. இரு புறத்தும் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமரும். அவ்வண்டியின் தாங்கிகள் பழமையால் நசுங்கித் தட்டையாகியிருந்தன. புதியவற்றைப் பூட்டியவுடன் எஞ்சின் கால் அங்குலம் எழுந்தது. இடைவெளி இரண்டேகால் ஆயிற்று. பழைய தாங்கியோடு அளந்து, அதற்கேற்ப மேனிபோல்டு வாங்கி, பின்னர்த் தாங்கியை மாற்றுவோன் தன் கணக்கில் தானே இடறி விழுவான். இவ்வொரு செய்தியின் பொருட்டே இக்கட்டுரையை எழுதலாம் என எமக்குத் தோன்றிற்று.

எஞ்சின் நிற்கும்போது அளந்த இடைவெளி ஓடும்போதும் அவ்வாறே இராது. மிதியை அழுத்தினால் எஞ்சின் ஒரு புறமாகச் சாய்ந்து எழும். ஆதலின் முக்கால் அங்குலமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும், ஓரங்குலம் நன்று. இனி, கார்புரேட்டர் அமரும் மேடை எஞ்சினுக்கு இணையாக இராமல் முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்திருக்கும். எஞ்சின் வண்டியிற் சிறிது பின்சாய்ந்து நிற்பதால், கார்புரேட்டர் மட்டமாக இருத்தற்பொருட்டு அங்ஙனம் செய்வர். அதனால் மேனிபோல்டு விற்போர் முன் உயரம், பின் உயரம் என இரண்டு எண் கொடுப்பர். இரண்டையும் பார்த்தல் வேண்டும்.

அளவுகளைச் சேர்த்துப் பார்த்தோம். அவர் வாங்கிய ஒருதள மேனிபோல்டு பழையதினும் இரண்டேமுக்கால் அங்குலம் உயர்ந்தது. புதிய கார்புரேட்டர் பழையதினும் கால் அங்குலம். ஆக மூன்று. இருப்பதோ இரண்டேகால். முட்டுவது முக்கால், விடவேண்டிய இடைவெளி முக்கால், குறைவு ஒன்றரை அங்குலம். இதனை வடிகட்டியிற் குறைத்துக்கொள்ளலாமே என வண்டிக்குரியவர் கேட்டார். வடிகட்டியின் அடித்தட்டைத் தாழ்ந்த வகையாகக் கொண்டால் ஓரங்குலம் குறையும். ஆயின் தாழ்ந்த தட்டு முன்னேயுள்ள டிஸ்டிரிபியூட்டரின் மேல் மோதிற்று. மூன்றங்குல வடிகட்டிக்கு மாற்றாக இரண்டங்குலம் வைக்கலாம். பதினான்கு அங்குல விட்டமுடைய வட்டத்தின் சுற்றளவு நாற்பத்து நான்கு அங்குலம், மூன்றங்குல உயரமெனின் காற்று புகும் பரப்பு 132 சதுர அங்குலம், இரண்டெனின் 88. மூன்றில் ஒரு பங்கு மூச்சு வாயிலிலேயே போயிற்று. மூடியும் கார்புரேட்டரின் வாயை நெருங்கி, வாய்மேற் கை வைத்தாற்போலாகும். உயர்ந்த குழலால் வரும் ஊதியத்தை மூடியிற் கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு, வெறுங்கையோடு வருவதே முடிவு.

தாழ்ந்த இருதள மேனிபோல்டோ பழையதினும் முக்கால் அங்குலமே உயர்ந்தது. கார்புரேட்டரின் கால் அங்குலம் சேர்ந்து ஒன்று. எஞ்சிய ஒன்றேகாலில் கால் அங்குலத்தை வெப்பந் தடுக்கும் கட்டைக்கு ஒதுக்கினோம். இக்கட்டையைப் பற்றி அமெரிக்க நூல்களிற் காணும் அளவினும் மிகுதியாக நாம் பேசவேண்டும். அவர் நாட்டில் பனிக்காலத்து எஞ்சின் எளிதிற் புறப்படுதற்பொருட்டு, எரிந்த புகையின் ஒரு பகுதியை மேனிபோல்டின் நடுவே செலுத்திக் கார்புரேட்டரின் அடியைச் சூடாக்குவர். காஞ்சியின் சித்திரை வெயிலில் அச்சூடு எதற்கு? எஞ்சினை நிறுத்தியவுடன் கார்புரேட்டர்க் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து வழியும். மீண்டும் முடுக்கினால் புறப்படாது. ஆதலின் அப்புகைவழியை அடைத்த காஸ்கெட்டைக் கொண்டு மறித்து, கார்புரேட்டரின் கீழ் வெப்பங்கடத்தாத கட்டையை வைத்தல் நம் நாட்டிற்கு இன்றியமையாதது. ஓரங்குலக் கட்டை மிக நல்லதே. இடமில்லாவிடத்துக் கால் அங்குலமும் உதவும். உயர்ந்த மேனிபோல்டை விரும்புவோன் இக்கட்டைக்குரிய இடத்தையும் இழக்கின்றான். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது பங்கு கலக்கும் நிலை எய்தியது. அதனாற் கலவை மெலியும். ஜெட்டுத் துளையைச் சிறிது பெருக்கவேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றிவிடுதலும் வேண்டும். மிதியின் கம்பி தடையின்றித் திரும்புதல், பிரேக்கிற்குரிய வெற்றிடக் குழாய்க்கு வாய் இருத்தல் ஆகியவற்றையும் வாங்குமுன் பார்த்துக்கொள்க.

இதனால் வலிமை குறையாதோ என அவர் இறுதியாகக் கேட்டார். குறையும், 6,000 சுழற்சியில் சிறிது குறையும். ஆனால் போர்டு கம்பெனியாரே அவ்வெஞ்சினை இருவாய்க் கார்புரேட்டரோடு 200 குதிரைச் சக்தியாகவும், அழுத்தத்தையும் சிறிது கூட்டி நான்குவாய்க் கார்புரேட்டரோடு 225 ஆகவும் அதே பானெட்டின் கீழ் விற்றனர் என்பதைக் காட்டினோம். அவர் சிறிது நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “சரி, மேஸ்திரி, தாழ்ந்ததையே வாங்கிவிடுகிறேன்” என்றார்.

அது வந்து சேர்ந்தபொழுது விடுமுறை கழிந்து யாம் கல்லூரிக்குத் திரும்பிவிட்டோம். தைத் திங்களின் ஒரு ஞாயிறன்று, ஆராதனை முடிந்தபின் சிற்றப்பா தொலைபேசியில் அழைத்தார். களிமண் வைத்துப் பார்த்ததில் நடுவில் ஓரங்குலமும், ஓட்டுநர்ப் பக்க விளிம்பில் முக்காலுக்குச் சிறிது மேலும் இருந்ததாம். பானெட்டு இறங்கித் தாழ்ப்பாள் விழுந்த ஒலியை எம்மைக் கேட்கச் செய்யவேண்டுமென்று, தொலைபேசியை எஞ்சினருகே பிடித்துக்கொண்டு இரண்டு முறை மூடிக் காட்டினார். உயர்ந்த மேனிபோல்டு பழந்தாளிற் சுற்றப்பட்டுப் பட்டறையின் மூலையிற் கிடக்கிறது. பந்தயத்திற்கு வேண்டுவோர் எவரேனும் உண்டோ என அதன் உடையவர் கேட்டு வருகின்றார்.